கியர்பாக்ஸை இறக்கும் முன் சிலிண்டர் ஹெட்டின் பின்முனையைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1.6 லிட்டர் இன்ஜின் கொண்ட 1991 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டுகிறது. கூலன்ட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. தரையில் மட்டும் ஈரம் இல்லை. கிரான்க் ஷாஃப்டின் பின் சீல் (இன்ஜினின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். கூலன்ட்டுக்குக் கசிவை அடைக்கும் திரவம் ஒன்றை ஊற்றச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். கூரை ஒழுகும் வீட்டில் சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறு. இன்ஜினிலும் அப்படித்தான். ஆயில் கீழிறங்கும், ஓடும் காரில் காற்று அதைப் பின்னுக்கும் தள்ளும். ஆகவே எங்கே கசிந்தாலும் கடைசியில் வந்து சேருவது கியர்பாக்ஸ் கூட்டின் அடிப்பகுதிக்குத்தான். அங்கே ஈரத்தைப் பார்த்ததும் பின் சீல் என்று முடிவுகட்டுவது அவசரம்.

உங்கள் காரில் என் முதல் சந்தேகம் கேம் ஆங்கிள் சென்சார் மீது; கேம் ஷாஃப்ட் சுழலும் நிலையை இன்ஜின் கணினிக்குச் சொல்லும் பாகம் அது. சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள தகடு) ஒட்டி அது பொருத்தப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றியுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வருடக்கணக்கான வெப்பத்தில் இறுகிவிடும். கசியும் ஆயில் ஹெட்டின் பின்புறம் வழிந்து நேராகக் கியர்பாக்ஸ் கூட்டின் மேல் விழும். கீழிருந்து பார்ப்பவருக்குப் பின் சீல் கசிவுக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியாது.

உங்கள் இரண்டு புகார்களையும் இணைக்கும் சங்கதியும் இதிலேயே இருக்கிறது. ஹீட்டருக்குச் செல்லும் கூலன்ட் ஹோஸ்கள் அந்த சென்சாருக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆயில் தொடர்ந்து அவற்றின் மேல் சொட்டினால் ரப்பர் ஊறி உப்பும். ஆறிய இன்ஜினில் கையை விட்டு அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் விறைப்பாக எதிர்த்து நிற்கும். ஆயிலில் ஊறியது கொழகொழவென்று அமுங்கி, விரலில் கரி ஒட்டும். அப்படி இருந்தால் கசிவுக்காகக் காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள். அது வெடித்தால் சில நிமிடங்களில் கூலன்ட் முழுவதும் போய்விடும். ஓர் ஓ-ரிங்கை அலட்சியப்படுத்தி சிலிண்டர் ஹெட்டையே கோணவைப்பது இப்படித்தான்.

சோதிப்பது எளிது. இன்ஜினின் பின்பகுதியைக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். ஆயிலில் புற ஊதா சாயம் கலந்து சில நாள் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். சாயம் ஒளிரும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ அதுதான் கசிவின் பிறப்பிடம்.

சென்சாரைப் பிடித்திருப்பது ஒரே ஒரு போல்ட். எட்டுவதற்குத்தான் கை வளைய வேண்டும். கழற்றும் முன் சென்சாரின் உடலையும் ஹெட்டையும் சேர்த்து ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். சென்சார் சற்றுத் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் (தீப்பொறி எழும் நேரம்) மாறிவிடும். பழைய ஓ-ரிங் தட்டையாகிப் பிளாஸ்டிக் வளையம்போல முறிந்து வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. புதியதில் ஆயில் தடவிப் பொருத்தி, கோட்டோடு கோடு சேருங்கள். பிறகு டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇஎன் (TEN), ஜிஎன்டி (GND) என்று குறித்துள்ள முனைகளை இணைத்து, டைமிங் விளக்கால் அடிப்படை டைமிங் 10 டிகிரி இருக்கிறதா என்று சரிபார்ப்பது அவசியம்.

வால்வு கவரின் (ஹெட்டின் மேல்மூடி) கேஸ்கெட்டையும் அப்போதே மாற்றுங்கள். முன்பின் மூலைகளில் சிறிதளவு சிலிக்கான் சீலன்ட் வைக்காவிட்டால் புது கேஸ்கெட்டும் கசியும். கசிவு நிற்கட்டும் என்று போல்ட்டுகளை முறுக்கித் தள்ளாதீர்கள். அவற்றுக்கு 5 முதல் 9 நியூட்டன் மீட்டர் போதும். கூடவே பிசிவி வால்வை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். கடகடவென்று சத்தம் வராவிட்டால் அது அடைத்திருக்கிறது. இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல சீல்கள் வழியாகவும் ஆயிலைத் தள்ளும்.

இனி கூலன்ட். தரையில் ஈரம் இல்லை என்பதால் கசிவே இல்லை என்று ஆகாது. சூடான உலோகத்தில் பட்டதும் ஆவியாகிவிடும். காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குத் தட்டியிருக்கும். ஆறிய இன்ஜினில் பிரஷர் டெஸ்டரைப் பொருத்தி, ரேடியேட்டர் மூடியில் குறித்துள்ள அழுத்தம் வரை ஏற்றி, முள் இறங்குகிறதா என்று கால் மணி நேரம் கவனியுங்கள். மூடியையும் தனியாகச் சோதியுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருப்பு மாறிப் பழுப்பேறியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விரிசலைத் தேடிக்கொண்டிருக்காமல் ரேடியேட்டரையே மாற்றுங்கள். கால்பக்கக் கம்பளம் நனைந்து இனிப்பு வாடை வீசினால் கசிவது ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் வெப்பம் தரும் சிறு ரேடியேட்டர். வாட்டர் பம்ப் கசிந்தால் டைமிங் பெல்ட்டோடும் முன் சீல்களோடும் சேர்த்தே செய்யுங்கள்; ஒன்றுக்காகப் பிரித்தால் மற்றவையும் கையருகே வந்துவிடும்.

வெளியே எங்கும் கசிவில்லாமல் முள் இறங்கினால், ஹெட் கேஸ்கெட்டுக்கான ரசாயன சோதனை (எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறதா என்று பார்ப்பது) செய்யுங்கள். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய்போல் படிந்திருப்பது மட்டும் அதற்குச் சான்றாகாது. குறைந்த தூரமே ஓடும் கார்களில் ஈரம் தங்கியும் அப்படிப் படியும்.

கசிவை அடைக்கும் திரவம் வேண்டவே வேண்டாம். அதற்கு ஓட்டை எது, வழி எது என்று தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில்தான் முதலில் போய் அடைக்கும். பழைய கூலன்ட்டை முழுவதும் வடித்து, புதியதைக் காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். காரின் முன்பக்கத்தை உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். வடித்ததைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கிவிட்டுச் செத்துப்போகும்.

இவ்வளவும் செய்து, ஹெட்டின் பின்புறம் உலர்ந்தே இருக்க, கியர்பாக்ஸ் கூட்டின் அடியில் மட்டும் சாயம் மின்னினால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. அப்போது கியர்பாக்ஸை இறக்குங்கள். கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், கியர்பாக்ஸின் முன் சீல் ஆகியவற்றையும் அதே வேலையில் மாற்றச் சொல்லுங்கள்.