பயணம் கேளுங்கள்: திருச்சியா, சென்னையா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. அக்காவின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போகிறார். இதுதான் முதல் விமானப் பயணம், துணைக்கு யாரும் இல்லை. திருச்சியைவிடச் சென்னையிலிருந்து டிக்கெட் 3,000 ரூபாய் குறைவாக இருக்கிறது. எங்கிருந்து அனுப்புவது?
– வாசகி, புதுக்கோட்டை

பதில்: திருச்சியிலிருந்தே அனுப்புங்கள், சகோதரி. தஞ்சாவூரில் பல ஆண்டுகள் டிக்கெட் பதிவு செய்துகொடுத்தவன் என்ற முறையில் தயங்காமல் சொல்கிறேன்.

கணக்கை வீட்டு வாசலிலிருந்து போடுங்கள். அம்மாவைச் சென்னைக்குத் தனியாக அனுப்ப மாட்டீர்கள். வழியனுப்ப இரண்டு பேராவது போவீர்கள். மூன்று பேர் போவதற்கும் இரண்டு பேர் திரும்புவதற்கும் ஆகும் செலவு, மீனம்பாக்கத்துக்கு ஆட்டோ, விமானம் நள்ளிரவில் என்றால் பகலில் தங்க ஓர் அறை. அந்த 3,000 ரூபாய் இதிலேயே கரைந்துவிடும். திருச்சி விமான நிலையமோ உங்கள் ஊர்ச் சாலையிலேயே, ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் போதும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது அம்மாவின் நிம்மதி. வாசலில் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்த்து உள்ளே விட்டபின் நீங்கள் கூடப் போக முடியாது. அங்கிருந்து கவுண்டர், குடியேற்றச் சோதனை, பாதுகாப்புச் சோதனை எல்லாம் அவர் தனியாகக் கடக்க வேண்டியவை. திருச்சியில் அந்த வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்து ஊர்க்காரர்களாகவே இருப்பார்கள்: அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி. நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியில் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, பேரனைப் பார்க்கப் போகும் பாட்டிமார்களை அங்கே எப்போதும் பார்க்கலாம். எங்கே போவது என்று தெரியாதவருக்கு யாராவது ஒருவர் வழி சொல்லிவிடுவார்.

பழைய கட்டடத்தில் இரண்டு மூன்று விமானங்கள் சேர்ந்தாற்போல வந்தால் நிற்க இடம் இருக்காது. 2024 ஜூன் 11 முதல் புதிய முனையம் இயங்குகிறது. நெரிசல் நேரத்தில் 3,500 பயணிகளைக் கையாளும் அளவுக்குக் கட்டியிருக்கிறார்கள். முட்டிவலி இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டுவிடுங்கள். சிங்கப்பூரில் வாசல்வரை கொண்டுபோய் அக்காவிடம் விடுவார்கள்.

ஸ்கூட் போன்ற மலிவுக் கட்டண விமானங்களில் பெட்டிக்கும் சாப்பாட்டுக்கும் தனிக் கட்டணம். பெட்டிக்கான எடையை முன்பதிவிலேயே வாங்குங்கள்; கவுண்டரில் கேட்டால் விலை கூடுதல். ஊறுகாய் கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் போகட்டும். சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நீங்களே நிரப்பிவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. அம்மா வெற்றிலை போடுபவர் என்றால் புகையிலையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மெல்லும் புகையிலைக்கு அங்கே தடை இருக்கிறது.

திரும்பும் பயணத்துக்கும் திருச்சியையே எடுங்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னை வந்து, உள்நாட்டு விமானத்தில் திருச்சிக்கு மாறினால், சென்னையிலேயே குடியேற்றமும் சுங்கமும் முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டும். பேரப்பிள்ளைக்குப் பணிவிடை செய்து களைத்துவரும் தாய்க்கு அந்த அலைச்சல் எதற்கு?

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து விமானத்தில் சென்னை போய், அன்றிரவே துபாய் விமானம் பிடிக்கலாமா? இரண்டையும் தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் விலை குறைகிறது.
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: வேண்டாம். சிறிய விமான நிலையத்தை இவ்வளவு ஆதரிக்கும் நானே இதில் மறுக்கிறேன். அங்கிருந்து நாளுக்குச் சில விமானங்களே கிளம்புகின்றன. மழையால் உங்கள் விமானம் ரத்தானால் அடுத்த விமானத்தில் இடம் கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஒரே முன்பதிவு எண்ணில் இரண்டு பயணமும் இருந்தால், இணைப்பு தவறும்போது மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால், துபாய் விமானத்துக்கு வராத பயணி நீங்கள்; அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான். வேலைக்குச் சேரும் நாள் குறித்திருந்தால் இழப்பு இன்னும் பெரிது.

ஒரே டிக்கெட்டாகக் கிடைக்கவில்லை என்றால் முந்தைய நாளே சென்னை போய்விடுங்கள். இல்லையேல் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ நேரடி துபாய் விமானம் பாருங்கள். மதுரை உங்களுக்குச் சாலைவழி எட்டும் தூரம்தான்.

தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் நிலைமை மாறிவருகிறது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதையில் ஏடிஆர் போன்ற சிறிய விமானங்கள்தான் இறங்க முடிந்தது. அதை 3,115 மீட்டராக நீட்டி, 2025 ஜூலையில் புதிய முனையத்தையும் திறந்துவிட்டார்கள். பெரிய ஜெட் விமானங்களுக்கு இது போதும். தென்மாவட்ட மக்கள் இடைவிடாமல் கேட்டால் வெளிநாட்டு விமானமும் ஒருநாள் வரும் என்று நம்புகிறேன். கேளுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உறவினர் திருமணம். கொழும்பு வழியாகத்தான் போக வேண்டுமா?
– வாசகர், கரூர்

பதில்: தேவையில்லை. 2025 மார்ச் 30 முதல் இண்டிகோ நிறுவனம் திருச்சியிலிருந்து யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கும் பலாலிக்கு நேரடியாக விமானம் விடத் தொடங்கியது. பறக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மணிதான். கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கினால் அதற்குப்பின் சாலையிலேயே பல மணி நேரம் போய்விடும். ஏடிஆர் விமானம் என்பதால் இருக்கைக்கு மேலுள்ள தட்டில் பெரிய பைக்கு இடம் இருக்காது; பட்டுப்புடவைப் பெட்டியைக் கவுண்டரிலேயே ஒப்படையுங்கள். உங்கள் தேதியில் விமானம் இருக்கிறதா என்று முதலில் உறுதிசெய்துவிட்டுப் பிறகு விசாவுக்கு விண்ணப்பியுங்கள்.