ஆயிரம் கார்டு அடிச்சேன், ஒரு போன் கூட வரல

கேள்வி: மதுரையில ஏசி சர்வீஸ் பண்றேன் சார், சொந்தமா ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆச்சு. கருப்பு கார்டுல தங்க எழுத்து போட்டு ஆயிரம் விசிட்டிங் கார்டு அடிச்சேன். பார்க்க கெத்தா இருக்கு, ஆனா அதைப் பார்த்து யாரும் கூப்பிடல. தமிழ் எழுத்து உடைஞ்சு வந்திருக்கு, க்யூஆர் ஸ்கேன் ஆகல. கடைக்காரர்கிட்ட கேட்டா "நீங்கதான ஓகே சொன்னீங்க"ன்றார். காசு திரும்ப வருமா? அடுத்த தடவை எப்படி அடிக்கறது?

பதில்: முதல்ல காசு விஷயத்தைப் பார்ப்போம் தம்பி. அடிக்கறதுக்கு முன்னாடி உங்க ஓகேக்காக வாட்ஸ்அப்ல அனுப்பின மாதிரியை, அதான் ப்ரூஃப், திறந்து கார்டு பக்கத்துல வெச்சுப் பாருங்க. ப்ரூஃப்லயே எழுத்து உடைஞ்சிருந்து நீங்க ஓகே அனுப்பியிருந்தா கடைக்காரர் பக்கம்தான் பேச்சு நிக்கும், பேசிப் பார்த்து பாதி விலைக்கு மறுபடி அடிச்சு வாங்குங்க. ப்ரூஃப்ல சரியா இருந்து பிரிண்ட்ல உடைஞ்சிருந்தா அது அவங்க தப்பு, அடிச்சுத் தந்தே ஆகணும். மறுத்தா 1915க்கு போன் பண்ணுங்க, நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன். "தொழிலுக்கு வாங்கினது, நீங்க நுகர்வோர் இல்ல"ன்னு சிலர் பயமுறுத்துவாங்க. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல, சுயதொழில் செஞ்சு பிழைக்கறதுக்காக மட்டும் வாங்கினவங்களும் நுகர்வோர்தான்னு இருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் கமிஷனுக்குப் போகலாம், நீங்க கொடுத்த காசு 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது. பில் வாங்கியிருக்கீங்கல்ல?

இப்ப கார்டுக்கு வருவோம். உங்க கார்டு எப்ப தேவைப்படும்னு யோசிங்க. மே மாசம் மத்தியானம் ரெண்டு மணி, ஏசில சூடா காத்து வருது, ஒரு வீட்டம்மா மூக்குக் கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டு ஃப்ரிட்ஜ் மேல இருக்கற டப்பாவுல கார்டைத் தேடுறாங்க, அதுல நாலு கார்டு கிடக்கு. அவங்களுக்கு வேண்டியது "ஏசி சர்வீஸ்"ங்கற ரெண்டு வார்த்தையும் போன் நம்பரும்தான். உங்க கார்டுல பெருசா இருக்கறது என்ன, உங்க பேரும் லோகோவும்தான? அதைத் திருப்பிப் போடுங்க. நம்பர்தான் கார்டுலயே பெரிய எழுத்து, அஞ்சஞ்சு இலக்கமா இடைவெளி விட்டு. அடுத்து வேலை, அப்புறம் எந்தெந்த ஏரியாவுக்கு வருவீங்கன்னு. பேர் அதுக்கும் கீழ போதும். கம்பெனி லோகோ பத்து வரிசையா போடறதை விட்டுடுங்க, ஆத்தரைஸ்ட் ஆள் இல்லாம அவங்க லோகோவைப் போட்டா வம்பு. "எல்லா கம்பெனி ஏசியும் பார்க்கப்படும்"னு ஒரு வரி போதும்.

தமிழ் ஏன் உடையுதுன்னா, நீங்க போன்ல டைப் பண்ணி அனுப்பறது யூனிகோட், அதாவது இப்ப எல்லா போனும் கம்ப்யூட்டரும் எழுத்துக்கு வெச்சிருக்கற பொது முறை; கடையில இருக்கற சாஃப்ட்வேர் பழசா இருந்தா, இல்ல தமிழுக்கான செட்டிங் போடலன்னா, "கேஸ் ஃபில்லிங்"ல கே-யோட இரட்டைக்கொம்பு க-வுக்கு முன்னாடி வராம பின்னாடி போய் நிக்கும், ஸ்-ல புள்ளி தனியா கழண்டு ஒரு புள்ளிபுள்ளி வட்டத்து மேல உக்காரும். கடையில டிசைன் பண்றவருக்குத் தமிழ் படிக்கத் தெரியலன்னா இது கண்ணுல படாது. எழுத்தை கர்வ்ஸா, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமா மாத்தி பிடிஎஃப் அனுப்பச் சொல்லுங்க, கொம்பும் புள்ளியும் இருக்கான்னு ஒவ்வொரு எழுத்தா நீங்களே பாருங்க. நம்பரை மட்டும் கண்ணால பார்க்காதீங்க, ப்ரூஃபை பேப்பர்ல எடுத்து வேற ஒருத்தர் போன்ல இருந்து அதைப் பார்த்தே டயல் பண்ணச் சொல்லுங்க. நான் ஒரு தடவை ஒரு இலக்கம் மாறி 500 கார்டு அடிச்சு, உக்காந்து பேனாவால திருத்தினவன்.

க்யூஆர் ஸ்கேன் ஆகாததுக்குக் காரணம் ரெண்டு இருக்கலாம். ஒண்ணு, கருப்பு மேல தங்கம். வெள்ளை மேல கருப்பா இருக்கணும், சுத்தி கொஞ்சம் வெறும் இடம் விடணும், க்யூஆர் கட்டம் ரெண்டு சென்டிமீட்டராவது இருக்கணும். தங்க ஃபாயில் பளபளத்தா கேமரா திணறும். இன்னொண்ணு, ஸ்கேன் ஆகுது ஆனா பேஜ் திறக்கலன்னா, ஃப்ரீயா க்யூஆர் தர்ற சில சைட்ல இருக்கற "டைனமிக்" கோடு, அதாவது அவங்க சைட் வழியா சுத்திப் போற கோடு, ட்ரையல் முடிஞ்சதும் செத்துப்போயிடும். உங்க வாட்ஸ்அப் லிங்க்கையே நேரா வெச்சு ஸ்டாட்டிக் கோடா போடுங்க, அதுக்கு காலாவதி கிடையாது. அட்ரஸ் மெயில்னு எல்லாத்தையும் திணிக்காதீங்க, விஷயம் கூடக்கூட கட்டம் பொடிசாகி ஸ்கேன் ஆகாது.

சைஸ் 3.5க்கு 2 இன்ச், அதை மாத்தாதீங்க, பர்ஸ்ல நிக்காத கார்டு குப்பைக்குத்தான் போகும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்னு பேப்பர் கனத்தைச் சொல்ற கணக்கு) போர்டு போதும். எழுத்தை ஓரத்துல இருந்து 3 மில்லிமீட்டராவது உள்ள வைங்க, கட்டிங் கொஞ்சம் தள்ளும். சின்ன எழுத்து தனிக் கருப்புல மட்டும் இருக்கட்டும், நாலு கலர் கலந்த கருப்புல அடிச்சா ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உக்கார்றது, லேசா விலகினாலும் நிழல் மாதிரி தெரியும். லேமினேஷனை முன்பக்கம் மட்டும் போடுங்க, பின்னாடி வெறும் போர்டா விட்டா "அடுத்த சர்வீஸ்"னு தேதி எழுதிக் கொடுக்கலாம், லேமினேஷன் மேல பால்பாயிண்ட் ஒழுங்கா பிடிக்காது. மழைக்காலத்துல கார்டு லேசா வளையும், பரவாயில்ல.

ஆயிரம் கணக்குல அடிக்கச் சொல்றது ஆஃப்செட் கணக்கு, பிளேட் போட்டு பெரிய மெஷின்ல அடிக்கறது, பல பேரோட கார்டை ஒரே ஷீட்ல சேர்த்து ஓட்டுவாங்க, அதான் அவ்ளோ மலிவு. நீங்க பிளேட் இல்லாம அடிக்கற டிஜிட்டல்ல நூறு அடிச்சு ஒரு மாசம் கொடுத்துப் பாருங்க, ஒண்ணுக்கு விலை கூடத்தான் ஆகும், ஆனா தப்பு இருந்தா நூறோட போகும். அதே டிசைன்ல கொஞ்சம் ஸ்டிக்கரும் அடிங்க. ஸ்டெபிலைசர் மேல ஒட்டிட்டு வந்தா அந்தம்மா டப்பாவைத் தேடவே வேண்டாம்.

கேள்வி: கோயம்புத்தூர்ல இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். போன்ல தொட்டாலே நம்பர் போயிடும்னு என்எஃப்சி கார்டு விக்கறாங்க, வாங்கலாமா?

பதில்: வேலை செய்யும், பொய் இல்லம்மா. ஆனா விலை குறைஞ்ச ஆண்ட்ராய்டு போன் நிறையத்துல என்எஃப்சி கிடையாது, இருந்தாலும் ஆஃப் பண்ணி வெச்சிருப்பாங்க, உங்க கஸ்டமர் முன்னாடி ரெண்டு தடவை தட்டிட்டு நிக்கறது சங்கடம். வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: சிப்ல இருக்கற லிங்க்கை நானே மாத்தலாமா, வருஷாவருஷம் பணம் கட்டணுமா. அவங்க பேஜுக்குத்தான் லிங்க் போகும், சிப்பை லாக் பண்ணியிருக்கோம்னா, அந்தக் கடை மூடற அன்னைக்கு உங்க கார்டும் வெறும் பிளாஸ்டிக். மாத்தலாம்னா ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, பேப்பர் கார்டையும் கையோட வெச்சுக்கோங்க.