கடைப் பலகையில் பெரிய உடம்பு வந்தால் கடைக்குள் பெரிய சட்டை வருமா?

கேள்வி இதுதான்: மட்டக்களப்பு டவுனில் உடுப்புக் கடைக்குள் காலை வைத்ததுமே "உங்கட சைஸ் வராது" என்கிறார்கள். வெளிநாடுகளில் மாதிரி இங்கேயும் விளம்பரங்களில் எல்லா வகை உடம்பையும் காட்டத் தொடங்கினால் இந்த நிலை மாறாதா?

விளம்பரம் மட்டும் மாறினால் மாறாது. சட்டையின் வெட்டு மாற வேண்டும். வெட்டை மாற்றாமல் படத்தை மட்டும் மாற்றிக் காட்டுவதில் கொம்பனிகள் கெட்டிக்காரர்கள். நான் கல்முனைப் பக்கம் வீட்டோடு தையல் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஆடைத் தொழிற்சாலையில், தைத்து முடிந்த உடுப்பை டேப் பிடித்து அளந்து பார்க்கும் குவாலிட்டி வேலையில் இருந்தேன். ஆகவே தையல்காரியாகத்தான் பதில் சொல்ல முடியும்.

ரெடிமேட் சட்டை ஒன்று எப்படிப் பெரிதாகிறது என்று முதலில் சொல்கிறேன். ஏதாவது ஒரு நடு சைஸில் பேட்டர்ன், அதாவது துணி வெட்டும் மாதிரித் தாள், போட்டு ஒரு சட்டை தைப்பார்கள். அதை ஒரு மொடலுக்குப் போட்டுப் பார்த்து, இழுக்கிற இடம், தொங்குகிற இடம் எல்லாம் திருத்தி முடிப்பார்கள். மற்ற சைஸ்களுக்கு ஆள் வைத்துப் பார்ப்பது அபூர்வம். நடு சைஸ் பேட்டர்னிலேயே மார்புக்கு இவ்வளவு, தோளுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு என்று கணக்காகக் கூட்டிக்கொண்டே போவார்கள். தொழிற்சாலையில் இதை கிரேடிங் என்பார்கள். ஒன்றிரண்டு சைஸுக்கு இது சரிவரும். அதற்கு மேல் போனால் சறுக்கும். ஏனென்றால் உடம்பு பலூன் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பெருப்பதில்லை. சதை வைக்கும்போது தோள் எலும்பு அகலாது. மேல் கையும் மார்பும் வயிறும்தான் கூடும். அதுவும் ஆளுக்கு ஆள் வேறு. ஒருத்திக்கு இடுப்பில், இன்னொருத்திக்குக் கையில்.

இதனால்தான் மூன்று எக்ஸ்எல் என்று போட்ட சட்டையை வாங்கி மாட்டினால் கழுத்து தோளை விட்டு வழுகும், ஆனால் மேல் கை மட்டும் ஊசி போடக் கட்டிய மாதிரி இறுகும். கையைத் தூக்கினால் சட்டை முழுக்க மேலே வரும். போட்டவ என்ன நினைப்பாள்? என்ட உடம்புதான் பிழை என்று நினைப்பாள். பெரிய சைஸ்களுக்கு என்று தனியாக இரண்டாவது அடிப்படைப் பேட்டர்ன் ஒன்று வெட்டி, பெரிய உடம்புள்ள ஒரு மொடலுக்கே போட்டுத் திருத்தினால் இந்தப் பிரச்சினை முக்கால்வாசி தீரும். அதற்குக் காசும் நேரமும் ஆள் திறமையும் வேண்டும். விளம்பரத்துக்கு ஒரு பெரிய மொடலைக் கூப்பிட்டுப் படம் எடுக்க ஒரு நாள் போதும்.

இந்த சைஸ் நம்பர்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் இன்னும் விளங்கும். அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1939, 40 காலத்தில் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவருக்கும் 59 இடத்தில் டேப் வைத்து அளந்தது. ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற இருவர் 1941இல் அந்த அறிக்கையை வெளியிட்டார்கள். அளந்ததில் வெள்ளைக்காரப் பெண்களின் கணக்கை மட்டும்தான் எடுத்துக்கொண்டார்கள். அதை வைத்து 1958இல் ஒரு சைஸ் தரம் வந்தது. உடுப்புக் கொம்பனிகள் அதை மெல்ல மெல்லக் கைவிட, 1983இல் அரசே அதை விலக்கிக்கொண்டது. பிறகு அவரவர் இஷ்டம். ஒரு கொம்பனியின் 12 இன்னொரு கொம்பனியின் 8. இந்தியா மிகப் பிந்தித்தான் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் மூலம் ஆறு நகரங்களில் 25,000 பேரை அளக்கும் வேலையைக் கையில் எடுத்தது. நம் கடைத்தெருவுக்கு வரும் உடுப்போ இதில் எதற்கும் கட்டுப்படாது. சீனாவிலிருந்து வரும் எக்ஸ்எல் என் மருமகளுக்கே இறுக்கம், அவள் பள்ளிக்கூடத்தில் ஓஎல் படிக்கிற பிள்ளை. இந்திய எக்ஸ்எல் கொஞ்சம் பரவாயில்லை.

பெரிய உடம்புக்காரர்களுக்கு உண்மையில் கை கொடுப்பது எக்ஸ்போர்ட் மிச்சம் விற்கிற கடைதான். அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் தைத்ததில் ஓடர் மிஞ்சியது, சின்னக் குறை வந்தது என்று வெளியே வருகிற உடுப்பு. அங்கே இடுப்பு 40, 42 இஞ்சி சாதாரணமாகத் தொங்கும். நம் கிழக்கு மாகாணப் பிள்ளைகள் எத்தனையோ பேர் மெஷினில் இருந்து தைக்கிறார்கள். அவர்களின் தாய்க்குப் பொருந்துகிற டிரவுசர் கடல் தாண்டிப் போகிறது, மிஞ்சினது மட்டும் இங்கே வருகிறது. ஒரே ஒரு தொல்லை, உயரமான பெண்களுக்கு வெட்டியது என்பதால் கால் நீளம் ஒரு சாண் அதிகமாக இருக்கும். வெட்டி மடிக்க என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது, அது வேறு கதை.

இனி நம் கடைகளைப் பார்ப்போம். கண்ணாடிக்குள் நிற்கிற பொம்மைக்குப் பின்னால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். முதுகுப் பக்கம் முழுக்கக் குண்டூசி. இரண்டு பக்கமும் பிடித்துக் கிளிப்பும் போட்டிருப்பார்கள். அந்தப் பொம்மையின் இடுப்புக்கு மீடியமே தொளதொள என்றிருக்கும், பிடித்துக் குத்தினால்தான் முன்னால் அழகாக விழும். ஆக, மெலிந்த உடம்புக்கும் அது அப்படியே பொருந்தாது. பலகைகளிலும் பேஸ்புக் பக்கங்களிலும் இருக்கிற படங்கள் பெரும்பாலும் இந்தியாவில் சூரத் பக்கத்து கட்டலொக் படங்கள்தான். "செமி ஸ்டிச்" என்று வரும் சல்வார் செட்டில் பக்கம் தைக்காமல் விட்டிருப்பார்கள், எந்த உடம்புக்கும் சரி என்று சொல்லித்தான் விற்பார்கள். பிரித்துப் பார்த்தால் மார்புக்கு 42, மிஞ்சினால் 44க்கு மேல் துணி இருக்காது.

காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பக்கம் அபாயாக் கடைகளில் விளம்பரத்தில் பெண்ணின் முகத்தையே காட்டாத கடைகள் நிறைய உண்டு. தலை இல்லாத பொம்மை, இல்லாவிட்டால் கழுத்தோடு வெட்டிய படம். அபாயாவுக்கு சைஸே நீளத்தில்தான்: 52, 54, 56, 58. சுற்றளவு தாராளமாக விட்டிருப்பதால் உடம்பைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைப்போம். ஆனால் அங்கேயும் இடிப்பது அதே மேல் கையும் அக்குளும்தான். சாரியும் அப்படித்தான். சாரியில் சைஸ் இல்லை, எந்த உடம்பையும் அது சுற்றிக்கொள்ளும் என்று பெருமையாகச் சொல்வோம். கூட வருகிற பிளவுஸ் துண்டு 80 சென்டிமீட்டர். மார்பு 46 உள்ள ஒரு அக்காவுக்கு முழங்கை வரை கை வைத்து அதில் தைக்கச் சொன்னால் நான் எங்கே போவேன்? முந்தானைக்கு மற்றப் பக்கம், இடுப்பில் சொருகி உள்ளே மறைகிற இடத்தில் வெட்டி ஒட்டுப் போடுவதுதான் வழி.

கடைக்காரரைத் திட்டியும் பிரயோசனம் இல்லை. அவர் கொழும்பில் புறக்கோட்டை மொத்தக் கடைகளில் செட்டாகத்தான் எடுப்பார். ஒரு நிறத்துக்கு மீடியம், லார்ஜ், எக்ஸ்எல், டபிள் எக்ஸ்எல் ஒவ்வொன்று. டபிள் எக்ஸ்எல் ஒன்று மட்டும் வேண்டுமென்றால் மொத்தக் கடையில் தரமாட்டார்கள். ஆனால் வேலைக்கு நிற்கிற பொடியன்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுக்கலாம். இருபத்தைந்து வயதுப் பிள்ளை கொஞ்சம் மொத்தமாக இருந்தால் "வாங்க அன்ரி" என்று கூப்பிடுவதை விட வேண்டும். கூட வந்த அவளின் அக்காவை "தங்கச்சி" என்பான். அந்தப் பிள்ளை மறுகா அந்தக் கடைப் படியை மிதிக்குமா?

சரி, வெளிநாட்டுக் கதைக்கு வருவோம். 2014இல் விக்டோரியாஸ் சீக்ரெட் என்ற அமெரிக்க உள்ளாடைக் கொம்பனி "தி பெர்ஃபெக்ட் பொடி" (குறையே இல்லாத உடம்பு) என்று எழுதி மெலிந்த மொடல்களை வரிசையாக நிறுத்தியது. பிரிட்டனில் மாணவிகள் சிலர் கையெழுத்துச் சேர்த்து எதிர்த்தார்கள். கொம்பனி வாசகத்தை "எ பொடி ஃபோர் எவ்ரி பொடி" (ஒவ்வொருவருக்கும் ஒரு உடம்பு) என்று மாற்றியது. படத்தில் நின்ற மொடல்கள் அதே ஆட்கள்தான்! இவர்களின் உள்ளாடைகளில் கொஞ்சநஞ்சமல்ல நம் நாட்டில் தைக்கப்பட்டவை. பிரான்சில் 2017 ஒக்டோபரிலிருந்து மொடலின் உடம்பைக் கணினியில் மெலிய வைத்தோ பருக்க வைத்தோ திருத்தினால் "திருத்திய படம்" என்று போட வேண்டும், போடாவிட்டால் 37,500 யூரோ தண்டம். பிரிட்டனில் 2025இல் நெக்ஸ்ட், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர், ஸாரா மூன்றின் விளம்பரங்களும் மொடல் ஆரோக்கியமில்லாத அளவுக்கு மெலிவாகத் தெரிகிறார் என்று தடுக்கப்பட்டன. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் படத்தில் மொடல் நின்ற விதமும் பெரிய கூர்ச் சப்பாத்தும் சேர்ந்து காலை இன்னும் குச்சியாகக் காட்டுகின்றன என்று விளம்பரத் தர ஆணையம் சொன்னது. இதெல்லாம் நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மெலிவை அளவோடு காட்டு என்று சொல்லலாம், 22 சைஸில் சட்டை தை என்று எந்த ஆணையமும் சொல்லாது.

வெட்டையே மாற்றிப் பார்த்த ஒரு கொம்பனி உண்டு, அமெரிக்காவின் ஓல்ட் நேவி. 2021 ஓகஸ்டில் பெண்களுக்கு 0 முதல் 28 வரை எல்லா சைஸும் எல்லாக் கடையிலும், ஒரே ராக்கையில், ஒரே விலையில் என்று அறிவித்தது. பொம்மைகளையும் 4, 12, 18 என்று மூன்று உடம்பில் நிறுத்தியது. பெரிய சைஸ்களுக்குப் பேட்டர்னையும் புதிதாகச் செய்தார்கள். ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2022இல் பல கடைகளில் பெரிய சைஸ்களைக் குறைத்துவிட்டார்கள். நடு சைஸ்கள் விற்றுத் தீர்ந்து, மிகச் சின்னதும் மிகப் பெரியதும் ராக்கையில் தேங்கி நின்றன. பார், பெரிய உடம்புள்ள பெண்கள் வாங்கவில்லை என்று சிலர் இதைக் காட்டுவார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. இவ்வளவு காலம் "உங்கட சைஸ் இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவள் அந்தக் கடைக்குப் போவதையே விட்டிருப்பாள். அவள் திரும்பி வர ஒரு தீபாவளி, ஒரு பெருநாள் போதாது. எல்லாக் கடையிலும் ஒரே அளவு சரக்கைக் கொட்டினதும் பிழை. எந்த ஊரில் எந்த சைஸ் போகும் என்று கடைக்குக் கடை பார்த்து அனுப்பியிருக்க வேண்டும்.

அப்படியென்றால் படத்தால் பிரயோசனமே இல்லையா என்றால், சட்டை கையில் இருக்கும்போது படம் நன்றாகவே வேலை செய்கிறது. என்னுடைய பேஸ்புக் பக்கத்தில் ஒரு ராத்தாவுக்குத் தைத்த அபாயாவைப் போட்டேன். "முகம் வேணாம் தங்கச்சி, கழுத்துக்குக் கீழ எடுங்க, கைய நல்லாத் தூக்கிக் காட்டுறன்" என்று அவரே சொன்னார். கையைத் தூக்கிய படம், கீழே மார்பு 48, மேல் கை 18, நீளம் 54 என்று இஞ்சியில் எழுதிவிட்டேன். வழக்கமாக இன்பொக்ஸில் முதல் கேள்வி விலைதான். இதற்கு வந்ததெல்லாம் "எனக்கு மேல் கை இருபது, செய்யலாமா அக்கா?" என்ற கேள்விகள். படத்தின் கீழே ஆம்பிளைகள் சிலர் பகிடி விட்டார்கள், அழித்துவிட்டேன். எல்லாரும் படத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வீட்டில் விட மாட்டார்கள், அதையும் குறை சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால் பெரிய தடை வீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தம்பி அனுப்பிய துணி, கல்யாண வீட்டுக்கு வந்த துணி எல்லாம் மடித்தபடி கிடக்கும். ஏன் தைக்கவில்லை என்று கேட்டால் "கொஞ்சம் மெலிஞ்சிட்டுத் தைப்பம் கா" என்பார்கள். அந்த மெலிவு வருகிறதுக்குள் துணி மடிப்பில் நைந்துவிடும். நான் இப்போது இருக்கிற உடம்புக்குத் தைத்து, உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்சி துணி விட்டுக் கொடுக்கிறேன். கூடினாலும் பிரித்து விடலாம், குறைந்தாலும் பிடித்துக்கொள்ளலாம். ரெடிமேட்டில் தையலுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கும், பிரித்தால் கிழியும்.

உங்களுக்கு இப்போதைக்கு என்னால் சொல்லக்கூடியது: உங்களுக்கு நன்றாகப் பொருந்துகிற சட்டை ஒன்றை எடுத்து, தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள், மேல் கை, தோள், நீளம் நான்கையும் அளந்து போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் எக்ஸ் எத்தனை என்று பார்க்க வேண்டாம், டேப் கேட்டு அந்த உடுப்பை அளந்து பாருங்கள். ஒன்லைனில் என்றால் மேல் கை அளவைக் கேளுங்கள், சொல்லத் தெரியாதவரிடம் காசு கட்டாதீர்கள். சாரி எடுக்கும்போதே பிளவுஸுக்கு ஒத்த நிறத்தில் ஒரு மீட்டர் தனித்துணியும் எடுத்துவிடுங்கள். வழக்கமாகப் போகிற கடை ஒன்று இருந்தால் முதலாளியிடம் நம்பரைக் கொடுத்து, புதுச் செட் வந்தால் டபிள் எக்ஸ்எல்லை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிறையப் பேர் வைப்பார்கள், அவர்களுக்கும் விற்றால் சரிதானே. பெருநாளோ தீபாவளியோ வர ஒரு மாதம் இருக்கும்போதே போய்விடுங்கள், கடைசிக் கிழமையில் அந்த ஒன்றும் போயிருக்கும்.