49 டாலர் அறை, 112 டாலர் பில்: லாஸ் வேகாஸ் பற்றி வாசகர் கேள்விகள்

சூதாட்ட விடுதிகளின் ஊரான லாஸ் வேகாசுக்கு 2024-ல் 4.17 கோடி பேர் வந்தார்கள். 2025-ல் அது சுமார் 3.85 கோடியாக இறங்கிவிட்டது. அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போகும் பெற்றோர் பலரும் அந்த ஊரை ஓர் எட்டு பார்த்துவிட்டு வருவதால், செலவு பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம்.

மயிலாடுதுறை வாசகி: போன வருடம் மகன் பார்த்தபோது ஓர் இரவுக்கு 49 டாலர் என்று காட்டிய அறைக்கு இப்போது 99 டாலர் காட்டுகிறது. வாடகை இரட்டிப்பாகிவிட்டதா?

இல்லை. போன வருடமும் ஏறக்குறைய இதே விலைதான். கார்டு எண்ணைத் தட்டும் கடைசிப் பக்கம் வரை வாயைத் திறக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். 49 என்பது வெறும் வாடகை. ஸ்ட்ரிப் என்கிற முக்கியச் சாலையில் உள்ள பெரிய விடுதிகள் இதன்மேல் ‘ரிசார்ட் ஃபீ’ என்று இரவுக்கு 35 முதல் 55 டாலர் வரை வாங்குகின்றன. 50 என்று வைத்தால் 99 ஆயிற்று. இந்த 99-க்கும் சேர்த்து 13.38 சதவீத அறை வரி, அதாவது 13.25 டாலர். ஆக, கையை விட்டுப் போவது 112.25.

2025 மே 12 முதல் அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷனின் விதி ஒன்று அமலில் இருக்கிறது. கட்டாயக் கட்டணம் எதுவானாலும் அதைச் சேர்த்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும். அரசு வரியை மட்டும் பிறகு காட்டலாம். அதனால்தான் 99 கண்ணில் பட்டது. கட்டணத்தைக் காட்டச் சொன்னார்களே தவிர, நீக்கச் சொல்லவில்லை. நீச்சல் குளம், ஜிம், வைஃபை, உள்ளூர் போன் அழைப்பு ஆகியவற்றுக்கான பணமாம் இது. உள்ளூர் அழைப்புக்கு யார் இன்னும் அறை போனைத் தூக்குகிறார்கள் என்று கேட்காதீர்கள். பயன்படுத்தாவிட்டாலும் கட்டத்தான் வேண்டும்.

காரில் போவதானால் பார்க்கிங்கையும் பாருங்கள். ஸ்ட்ரிப்பில் பல விடுதிகளை நடத்தும் எம்.ஜி.எம். குழுமம் 2016-ல் தொடங்கிவைத்த கட்டணம் இது. பிறகு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். சில விடுதிகள் தங்குபவர்களுக்கு இலவசமாக விடுகின்றன. அறையைப் பதியும் முன்பே இதைக் கேட்டு வையுங்கள்.

செக்-இன் செய்யும்போது முன்பணமாக ஒரு தொகையை கார்டில் நிறுத்திவைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் கொஞ்சம் குறையும், கவலையில்லை. டெபிட் கார்டைக் கொடுத்தால் கணக்கிலிருக்கும் பணமே முடங்கும். அறையைக் காலி செய்து பல நாள் கழித்துத்தான் விடுபடும். அறைக்குள் இருக்கும் மினிபார் தட்டில் கை வைக்காதீர்கள். பல இடங்களில் அடியில் சென்சார் உண்டு. பாட்டிலை எடுத்து விலை பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாலும் பில்லில் ஏறிவிடும். உங்கள் மாத்திரை, மோர் வைப்பதற்காக அந்தக் குளிர்பெட்டியைக் காலி செய்தால் அதற்கும் தனிக் கட்டணம். காலி செய்யும் அன்று வரவேற்பு மேசையில் பில்லை அச்செடுத்து வாங்கி, வரி வரியாகப் பார்த்த பிறகே கிளம்புங்கள். வீட்டுக்கு வந்தபின் வாதாடுவது பெரும்பாடு.

ஈரோடு வாசகர்: அறையும் சாப்பாடும் சும்மா கொடுத்துவிட்டு மேசையில் பிடுங்கிக்கொள்வார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தக் கணக்கு ஏன் மாறியது?

நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். கோல்டன் கேட் விடுதியில் 1959-ல் 50 சென்ட்டுக்கு ஒரு கிண்ணம் இறால் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1991 வரை அதே 50 சென்ட். இறாலில் நட்டம்தான். ஆனால், சாப்பிட வந்தவர் ஸ்லாட் மெஷின்களைக் கடந்துதானே வெளியே போக வேண்டும்.

இப்போது ஸ்ட்ரிப்பில் உள்ள பெரிய விடுதிகளின் வருமானத்தில் பாதிக்கும் குறைவாகத்தான் சூதாட்டத்திலிருந்து வருகிறது. மீதி அறை, உணவு, மது, நிகழ்ச்சி. தூண்டிலில் புழுவாக இருந்தவை எல்லாம் இன்று தனித்தனிக் கடைகள். ஒவ்வொன்றும் தன் லாபத்தைத் தானே காட்டியாக வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணம், நிலம். பெலாஜியோ விடுதியை எம்.ஜி.எம். 2019-ல் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 425 கோடி டாலருக்கு விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் வாடகைக்கு உட்கார்ந்தது. முதல் ஆண்டு வாடகை 24.5 கோடி டாலர். அங்கே இருப்பது சுமார் 3,900 அறைகள். வகுத்துப் பாருங்கள்: ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 170 டாலர் போல வருகிறது. வாடகை முழுவதும் அறைகளின் தலையில் விழாது, காசினோவும் கடைகளும் சுமக்கும். ஆனாலும் விலையைக் குறைக்கச் சொன்னால் மேலாளர் ஏன் முழிக்கிறார் என்பது புரியும். சீசர்ஸ் பேலஸ், எம்.ஜி.எம். கிராண்ட், வெனிஷியன் எல்லாமே இன்று வீசி என்ற நில நிறுவனத்துக்கு வாடகை கட்டுபவைதான்.

நடுத்தர விலை விடுதிகளும் குறைகின்றன. டிராபிகானா 2024 ஏப்ரலில் மூடி, அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் மிராஜ் மூடியது.

2024-ல் நெவாடா மாநிலச் சூதாட்ட வருமானம் சுமார் 1,560 கோடி டாலர், அதுவரை இல்லாத உச்சம். வந்த கூட்டமோ 2016-ன் 4.29 கோடியைவிடக் குறைவு. ஆள் குறைந்தாலும் பரவாயில்லை, பணக்காரர் வந்தால் போதும் என்று நிர்வாகங்கள் முடிவு கட்டியதில் ஆச்சரியமில்லை. 2025 ஜூனில் வருகை முந்தைய ஆண்டைவிட 11 சதவீதத்துக்கு மேல் சரிந்தபோதுதான் உறைத்தது. அறையில் வைத்த 26 டாலர் தண்ணீர் பாட்டிலும் 12 டாலர் காபியும் ஊர் சிரிக்கும் செய்தியாகி, அது தங்கள் தவறுதான் என்று எம்.ஜி.எம். தலைவர் பில் ஹார்ன்பக்கிளே முதலீட்டாளர்களிடம் ஒப்புக்கொண்டார். நம் பார்வையில், ஆளை விரட்டியது பெரிய விலைகள் அல்ல. நிகழ்ச்சிக்கு 200 டாலர் கொடுப்பவர்கூட தண்ணீருக்கு 26 கேட்டால் ஏமாந்துபோன உணர்வோடுதான் ஊர் திரும்புவார்.

சிங்கப்பூர் வாசகர்: பிளாக்ஜாக் மேசையில் 3-க்கு 2, 6-க்கு 5 என்கிறார்களே, எது நல்லது?

மேசை விரிப்பிலேயே அச்சடித்திருப்பார்கள், உட்காரும் முன் படியுங்கள். 6, 5 என்று எண்கள் பெரிதாக இருப்பதால் அதுதான் லாபம் என்று பலர் ஏமாறுகிறார்கள். முதல் இரண்டு சீட்டிலேயே பிளாக்ஜாக் (ஏஸும் பத்து மதிப்புச் சீட்டும் சேர்ந்து 21) விழுந்தால் 10 டாலர் பந்தயத்துக்கு ‘3 டு 2’ மேசை 15 டாலர் தரும். ‘6 டு 5’ மேசை 12-தான் தரும். பிளாக்ஜாக் சராசரியாக 21 ஆட்டத்துக்கு ஒருமுறை விழும். 25 டாலர் வைத்து மணிக்கு 70 ஆட்டம் ஆடுபவருக்கு மூன்று தடவைக்குச் சற்று மேல், ஒவ்வொரு தடவையும் 7.50 குறைகிறது. மணிக்கு சுமார் 25 டாலர், தோற்பது போலத் தெரியாமலே போய்விடும். சரியான விதிகளுள்ள மேசையில் நிதானமாக ஆடுபவரிடம் காசினோவின் பங்கு அரை சதவீதம்போல. 6-க்கு 5 அதைக் கிட்டத்தட்ட 2 சதவீதமாக்குகிறது. இன்று ஸ்ட்ரிப்பில் குறைந்த பந்தய மேசைகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

ரூலெட்டிலும் இதே கதை. சக்கரத்தில் பூஜ்யங்களை எண்ணுங்கள். ஒன்று இருந்தால் நூறு டாலருக்கு 2.70 காசினோவுக்கு, இரண்டு என்றால் 5.26, மூன்று என்றால் 7.69. ஒரே எண்ணில் வைத்து வென்றால் தருவது மூன்றிலும் அதே ஒன்றுக்கு 35.

ஸ்கார்பரோ வாசகர்: நாங்கள் நாலு குடும்பம் வருசா வருசம் வேகாசுக்குப் போறனாங்கள். இந்த முறை ஒருத்தரும் வரமாட்டம் எண்டினம். உண்மையிலேயே கனடாச் சனம் குறைஞ்சிட்டுதோ?

குறைந்துவிட்டது. அந்த ஊருக்கு வெளிநாட்டிலிருந்து அதிகம் பேரை அனுப்புவது கனடாதான் என்பதால் அடியும் பலமாக விழுந்திருக்கிறது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா போட்ட இறக்குமதி வரிகளும், கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலம் என்று அதிபர் டிரம்ப் பேசிய பேச்சும் மனக்கசப்பைக் கிளப்பின. விமான நிறுவனங்களும் இருக்கைகளைக் குறைத்தன. நாணய மாற்று வேறு இருக்கிறது. உங்கள் ஒரு டாலர் 72 அமெரிக்க சென்ட் என்றால், மேலே சொன்ன 112 டாலர் பில் உங்களுக்கு 155-க்கு மேல்.

சேலம் வாசகர்: இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவருக்கு ஸ்லாட் மெஷினில் பெரிய தொகை விழுந்தால் வரி உண்டா?

உண்டு, 30 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். ஒரே சுற்றில் 2,000 டாலர் விழுந்தால் (2025 வரை 1,200) மெஷின் பூட்டிக்கொள்ளும். ஊழியர் வந்து பாஸ்போர்ட் கேட்பார், 1042-எஸ் என்ற படிவம் தருவார். அதைப் பத்திரமாக ஊருக்கு எடுத்து வந்து ஆடிட்டரிடம் கொடுங்கள். இங்கே கணக்குக் காட்டும்போது அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கேட்க அதுதான் சான்று. தோற்ற பணத்தை இதில் கழிக்க முடியாது. அந்தச் சலுகை கனடாக்காரர்களுக்கு மட்டும். பிளாக்ஜாக், பக்கராட், கிராப்ஸ், ரூலெட் ஆட்டங்களில் வென்றால் இந்த 30 சதவீதம் கிடையாது.

‘மகன் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடாதீர்கள். பொத்தானை அழுத்தியவர்தான் வென்றவர், கேமராவில் பார்ப்பார்கள். மகனுக்கும் இப்போது நிம்மதியில்லை. அமெரிக்க வரி கட்டுபவர் 2026 முதல் தோல்வியில் 90 சதவீதத்தை மட்டுமே கழிக்கலாம். 10,000 வென்று 10,000 தோற்றவர், கையில் காசே மிஞ்சாமல் 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி வாசகி: வேகாசிலிருந்து கிராண்ட் கேன்யன் போக எவ்வளவு ஆகும்?

தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பு சுமார் 280 மைல், காரில் நாலரை மணி நேரம். 2026 ஜனவரி 1 முதல், அமெரிக்காவில் வசிக்காத 16 வயதும் அதற்கு மேலும் ஆன ஒவ்வொருவரும் வழக்கமான நுழைவுக் கட்டணத்துக்கு மேல் 100 டாலர் கட்ட வேண்டும். நீங்கள் இருவராகப் போய், ஸையன் பூங்காவும் பார்ப்பதாக இருந்தால், வெளிநாட்டவருக்கான 250 டாலர் ஆண்டுப் பாஸ் எடுப்பதே மேல். கண்ணாடிப் பாலம் இருக்கும் மேற்கு விளிம்பு இரண்டரை மணி நேரத்துக்குள் வந்துவிடும். அது ஹுவாலப்பாய் பழங்குடியினரின் நிலம், பூங்காப் பாஸ் அங்கே செல்லாது.

சென்னை வாசகர்: ஆள் குறைந்தால் முதலில் யாருக்கு வேலை போகும்? டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது முறை?

உடனே வேலை போகாது, மணி நேரம் குறையும். ‘எக்ஸ்ட்ரா போர்டு’ என்று, கூப்பிட்டால் மட்டும் வரும் ஊழியர் பட்டியல் உண்டு. அவர்களுக்குத்தான் முதலில் போன் வராமல் போகும். சுமார் 60,000 பேர் உள்ள கலினரி தொழிற்சங்கம் இருப்பதால் ஸ்ட்ரிப் ஊழியர்களுக்கு நல்ல ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால், காலியான மேசையில் டிப்ஸ் வாங்கித் தர எந்தச் சங்கத்தாலும் முடியாது. ஆண்டுக்கு 25,000 டாலர் வரை டிப்ஸுக்கு வருமான வரிக் கழிவு என்று 2025-ல் சட்டம் வந்த அதே கோடையில்தான் கூட்டமும் சரிந்தது.

விளையாடும்போது வரும் பானம் இலவசம்; கொண்டுவருபவருக்கு 1 அல்லது 2 டாலர். அறை சுத்தம் செய்பவருக்கு தினமும் 3 முதல் 5, தலையணைமேல் காலையிலேயே வையுங்கள். கடைசி நாள் மொத்தமாக வைத்தால் வேறு ஆளுக்குப் போய்விடும். சீட்டுப் போடும் டீலரின் கையில் கொடுக்கக் கூடாது, சிப்பை (பந்தய வில்லையை) மேசையில் வைத்து ‘உங்களுக்கு’ என்றால் போதும்.

புதுச்சேரி வாசகி: எந்த மாதம் மலிவு?

ஜூலை, ஆகஸ்ட், ஞாயிறு முதல் வியாழன் வரை. வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும் என்பதால் பகலில் நடமாட முடியாது. வெயில் ஆகாது என்றால் கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் பாருங்கள். ஜனவரித் தொடக்கத்தில் மின்னணுக் கண்காட்சி, நவம்பரில் ஃபார்முலா ஒன் பந்தயம். அந்த நாட்களில் 49 டாலர் அறையே 300-ஐத் தாண்டிவிடும். ரத்து செய்யக்கூடிய பதிவாகப் போட்டு வையுங்கள். கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அதே அறையை மறுபடி தேடிப் பாருங்கள். கூட்டமில்லாத பருவத்தில் அடிக்கடி இறங்கியிருக்கும். இறங்கியிருந்தால் புதிதாகப் பதிந்து, உறுதிச் செய்தி வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள்.