மிஸ்ர சாபுவில் ஒரு கல்யாணி – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரீப்பர் மென்பொருளில் ஒரு பாட்டு அமைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணி ராகம், ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம், டெம்போ 105. சட்ஜத்தை சி-யில் வைத்திருக்கிறேன். பல்லவியின் முதல் நான்கு பார்கள் நன்றாக அமைந்துவிட்டன. அதையே நகலெடுத்து நீட்டினால் ஒரு நிமிடத்தில் அலுத்துவிடுகிறது. அலுப்பைப் போக்க டிராக் சேர்த்துச் சேர்த்து இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. கார்டு, அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டு, போட்ட பிறகு கல்யாணி மாதிரியே இல்லை என்கிறார்கள் நண்பர்கள். வீணை கீபோர்டு போல ஒலிக்கிறது. பாடப்போகும் தோழிக்குச் சரணத்தின் மேல் பஞ்சமம் எட்டவில்லை. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

நீங்கள் கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குங்கள். சுருதி முடிவாகாமல் செய்த வேலை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். வெள்ளைக் கட்டைகள் வசதி என்பதால்தான் பலரும் சி-யில் ஆரம்பிக்கிறார்கள். குரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தம்பூராவை மட்டும் ஓடவிட்டு, பல்லவியின் ஆகக் கீழ் வரியையும் சரணத்தின் ஆக மேல் வரியையும் தோழியைப் பாடவையுங்கள். மூன்று அரைச்சுரம் (கீபோர்டில் கறுப்பும் சேர்த்து மூன்று கட்டை) இறக்கி ஆறு கட்டைச் சுருதியில், அதாவது ஏ-யில் வைத்தால் மேல் பஞ்சமம் ஈ-யில் வந்து நிற்கும். பெரும்பாலான மெல்லிசைப் பெண் குரல்களுக்கு அது எட்டும். கீழ் நிஷாதம் காற்றாகப் போனால் ஆறரைக் கட்டையில் சமாதானம் செய்துகொள்ளலாம்.

இறக்கும்போது, சுரங்களை எண்களாக வைத்திருக்கும் எல்லா மிடி டிராக்கையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து மூன்று குறைத்துவிடாதீர்கள். டிரம் டிராக்கில் ஒவ்வொரு எண்ணும் ஒரு வாத்தியம். ஜெனரல் மிடி வரிசையில் 38 ஸ்நேர், 35 கிக். மூன்று இறக்கினால் ஸ்நேர் இருந்த இடமெல்லாம் கிக் அடிக்கும். வயலின் நூலகங்களில் வாசிப்பு முறையை மாற்றும் கீஸ்விட்ச் நோட்டுகளும் இடம் மாறி, இழுத்து வாசிக்க வேண்டிய இடத்தில் விரலால் மீட்டும் பிட்ஸிகாட்டோ கேட்கும். மிருதங்கம் ஆடியோ லூப்பாக இருந்தால் அதைப் புதிதாகத் தேடுவதே நல்லது. அதன் வலப்பக்கமான வலந்தலை சட்ஜத்துக்குச் சேர்க்கப்படுவது. சி-யில் பதிந்ததை மூன்று அரைச்சுரம் இறக்கினால் சாப்பு என்ற வலந்தலை அடி மழுங்கி, இடப்பக்கத் தொப்பி கொழகொழவென்று ஆகிவிடும்.

அடுத்தது தாளம். ரீப்பரில் டெம்போ எண் குவார்ட்டர் நோட்டைக் கணக்கிடுகிறது. 105 என்று வைத்து 7/8 கொடுத்தால் ஓர் அட்சரம் (ஏழில் ஓர் எண்ணிக்கை) 286 மில்லிசெகண்டு, ஒரு பார் சரியாக 2 வினாடி. தானாக வரும் கிளிக் முதல் அட்சரத்தை மட்டும் அழுத்தும். பாடுகிறவருக்குத் தகிட தகதிமி என்ற மூன்றும் நான்குமான பிரிவு கேட்க வேண்டும். ஏழு நோட்டில் நீங்களே ஒரு கிளிக் டிராக் போடுங்கள்: ஒன்று பலமாக, நான்கு அதற்கடுத்த பலத்தில், ஆறு லேசாக.

எக்கோவிலும், கார்டைச் சுரம் சுரமாகப் பிரித்து வாசிக்கும் ஆர்ப்பெஜியேட்டரிலும் நான்கின் கணக்கு ஒளிந்திருக்கிறது. குவார்ட்டர் நோட் எக்கோ என்பது இரண்டு அட்சரம். ஒன்றில் பாடிய சொல் மூன்று, ஐந்து, ஏழு என்று திரும்பி வரும். அழுத்தம் விழும் நான்கையும் ஆறையும் அந்தப் பாரில் அது தொடுவதே இல்லை. பாட்டு தடுமாறுவது போலத் தோன்றக் காரணம் பல நேரம் இதுதான். புள்ளி வைத்த குவார்ட்டர், அதாவது 857 மில்லிசெகண்டு வைத்து ஒரே ஒரு முறை திரும்ப விடுங்கள், நான்கில் வந்து உட்காரும். ஆர்ப்பெஜியேட்டரை எட்டுப் படியிலிருந்து ஏழு படிக்கு மாற்றுங்கள்.

இனி கல்யாணி காணாமல் போன விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஏ-யை சட்ஜமாக வைத்தால் கல்யாணிக்குள் அடங்கும் முக்கியமான கார்டுகள் ஏ மேஜர், பி மேஜர், சி ஷார்ப் மைனர், ஈ மேஜர், எஃப் ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மைனர். டி மேஜர் கிடையாது. அதில் கல்யாணியில் இல்லாத சுத்த மத்யமம் இருக்கிறது, போட்ட கணத்தில் சங்கராபரணம் நுழைந்துவிடும். இதை நீங்கள் தவிர்த்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் ராகத்துக்குள் இருக்கும் கார்டே ராகத்தைக் கெடுக்கும் இடம் ஒன்று உண்டு. கல்யாணிக்குரிய பிரதி மத்யமம் வருமிடத்தில் பி மேஜர் போடத் தோன்றும். கீழே தம்பூரா ஏ-யை விடாமல் ஒலிக்கிறது. இரண்டும் சேர்ந்தால் காதுக்கு அது பி செவன்த். அந்தக் கார்டுக்கு ஈ-யை நோக்கி ஓடும் இயல்பு உண்டு. அடுத்து ஈ மேஜரும் வந்துவிட்டால் கேட்பவரின் காது பஞ்சமத்தையே சட்ஜமாக எடுத்துக்கொள்ளும். சுரம் ஒன்றும் தவறவில்லை, ஆனால் பாட்டு ஈ-யின் சங்கராபரணமாகிவிட்டது.

இதற்கு வழி பேஸில் இருக்கிறது. மேலே பி மேஜர் ஒலிக்கும்போதும் பேஸ் கிடாரை ஏ-யிலேயே நிறுத்துங்கள். அங்கிருந்து ஏ மேஜருக்கோ எஃப் ஷார்ப் மைனருக்கோ திரும்புங்கள். வரி முடியுமிடத்தில் பி, ஈ என்ற வரிசை வேண்டாம். ஒவ்வொரு பாருக்கும் கார்டு மாற்ற வேண்டிய அவசியமும் இல்லை. மெட்டில் நிஷாதம் அசையும் இடங்களில், பின்னணியில் நீண்டொலிக்கும் பேடில் சட்ஜத்தை எடுத்துவிட்டு ஏ-யும் ஈ-யும் மட்டுமான வெறும் பஞ்சமத்தைப் பேஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். அந்தச் சுர அசைவு, அதாவது கமகம், தெளிவாகக் கேட்கும். கார்டு குறையக் குறைய ராகம் மேலே வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நீளத்துக்கு வருவோம். பார் 2 வினாடி என்பதால் 4 நிமிடப் பாட்டுக்கு 120 பார். முன்னிசை 8, பல்லவி 16, முதல் இடையிசை 16, சரணம் 20, பல்லவி 8, இரண்டாம் இடையிசை 16, சரணம் 20, பல்லவி 8, முடிப்பு 8. டைம்லைனில் இந்த அளவுகளைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்டும் ஆரும் அழுத்தினால் அந்தப் பகுதியைக் குறிக்கும் ரீஜன் உருவாகும். பிறகு ரீஜனை இழுத்தால் உள்ளிருப்பதும் கூடவே நகரும். வாத்தியம் எதுவும் சேர்க்காமல், குரலையோ குரலுக்குப் பதிலாக ஒரு பியானோவையோ மட்டும் வைத்து 120 பாரையும் முதலில் நிரப்புங்கள். நான்கு பார் லூப்பில் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் கற்பனைக் குறைவல்ல. மெட்டு முடியும் முன்பே ஒலிகளைத் தேடப் போனதுதான்.

மெட்டு முழுதாக நின்ற பிறகு, இரண்டாம் சரணத்தின் கடைசி நான்கு பாரை, பாட்டின் ஆக அடர்த்தியான இடமாக வைத்து முழுமையாக நிரப்புங்கள். அங்கிருந்து பின்னோக்கி வந்து ஒவ்வொரு பகுதியிலும் எதை நீக்கலாம் என்று பாருங்கள். பல்லவி முதல் முறை குரல், தம்பூரா, ஒரு மீட்டு வாத்தியம் போதும். இரண்டாம் முறை பேஸும் மிருதங்கமும். முதல் சரணத்தின் தொடக்கத்தில் பேஸையும் எடுத்துவிடலாம். இடையிசைக்குப் புது மெட்டு எழுதுங்கள், பல்லவியை வயலினில் வாசித்து ஒப்பேற்றாதீர்கள். அதன் கடைசி இரண்டு பார் சரணத்தின் எடுப்புச் சுரத்தைக் காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும்.

முப்பது டிராக் நெரிசலுக்கு, அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர் மருந்தல்ல. உங்கள் மெட்டின் அடிப்படை அதிர்வெண்கள் ஏறக்குறைய 208 முதல் 659 ஹெர்ட்ஸுக்குள் வருகின்றன. பேட், ரிதம் கிடார், இரண்டாம் வயலின், பியானோவின் இடது கை எல்லாமே அந்த இடத்துக்குத்தான் போட்டியிடும். குரல் பாடும்போது அங்கே இன்னொருவர் மட்டும் இருக்கட்டும். பேடைச் செல்லோ எல்லைக்கு இறக்குங்கள் அல்லது குரலுக்கு மேலே இரண்டே சுரமாக ஏற்றுங்கள். ஒரே சுரங்களை வாசிக்கும் டிராக்குகளை மியூட் செய்து கேளுங்கள். வித்தியாசம் தெரியாததை அழித்துவிடுங்கள்.

வீணை கீபோர்டு போல ஒலிப்பது ஒவ்வொரு சுரத்துக்கும் புது நோட் கொடுத்ததால். வீணையில் ஒரே மீட்டில் தந்தியை இழுத்துப் பல சுரங்களைக் காட்டுவார்கள். ஒலிக்கும் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டின் எல்லை பொதுவாக இரண்டு அரைச்சுரமாகவே இருக்கும். பஞ்சமத்திலிருந்து மேல் சட்ஜத்துக்கு ஐந்து வேண்டும். வாத்தியத்தின் அமைப்பில் எல்லையை 12 ஆக்குங்கள். அப்போது ஓர் அரைச்சுரம் சுமார் 683 அலகு. நிஷாதத்தை ஒருமுறை மீட்டி, பெண்டை 0-க்கும் 683-க்கும் இடையே வளைவாக வரையுங்கள். நேர்கோடாக வரைந்தால் சைரன் மாதிரி இருக்கும். தந்தியை இழுத்தால் சுருதி ஏறத்தான் செய்யும். ஆகவே இறங்கும் கமகத்துக்கு, ஏற்கெனவே இழுத்த நிலையில் மீட்டி மெல்ல விடுவது போல, பெண்டை மேலே வைத்துத் தொடங்கி 0-க்குக் கொண்டுவாருங்கள். முந்தைய சுரத்தின் கார்வை அடங்குவதற்குள் பெண்டை மாற்றினால் அந்த வால் வழுக்கும். அந்த இடங்களுக்கு இரண்டு வீணை டிராக்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். பெண்ட் ஒரு சேனல் முழுவதையும் வளைக்கும் என்பதால் தாளத் தந்திகளும் தனி டிராக்கில் இருக்கட்டும்.

தோழிக்கு அனுப்பும்போது கிளிக், தம்பூரா, வழிகாட்டி மெட்டு, மீதி இசை என்று நான்கு வேவ் கோப்புகளாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். நான்கும் முதல் பாரிலிருந்தே தொடங்கட்டும், சரணத்தில்தான் ஒலி வரும் என்றாலும் சரி. வழிகாட்டி மெட்டில் ரிவெர்ப் வேண்டாம். முன்னிசைக்கு முன் இரண்டு பார் கிளிக்கை வெறுமனே விடுங்கள், தகிட தகதிமி பிடிபட அந்த 4 வினாடி வேண்டும்.