சரளைச் சாலைக்குச் சைக்கிள், அணைக்கரைக்குத் தூண்டில்: வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: என் கணவர் இவ்வாண்டு பணி ஓய்வு பெறுகிறார். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்து நாட்டிங்ஹம் ரோடு என்ற ஊர்ப்பக்கம் சைக்கிளில் சுற்றுவது, அங்குள்ள அணைகளில் ஃபிளை தூண்டில் போட்டு டிரவுட் மீன் பிடிப்பது என்று இரண்டு ஆசைகளை ஒன்றாகப் பற்றிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் தந்த விலைப்பட்டியலில் கார்பன் சைக்கிளும் தூண்டில் ரீலுமே பெரும்பங்கை விழுங்குகின்றன. எதைக் குறைக்கலாம்? டர்பன் கடற்கரையில் ஷேட் மீன் பிடிக்கும் பழைய தூண்டில் கோலை வைத்தே சமாளிக்க முடியாதா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: அம்மா, பழைய கோல் இதற்கு உதவாது. கடற்கரையில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துக்கொண்டு போகிறது. ஃபிளை தூண்டிலிலோ, முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப் பூச்சிக்கு எடை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லாததால், தடித்த நூலின் எடைதான் கோலை வளைத்துப் பூச்சியைத் தண்ணீருக்குக் கொண்டுபோகிறது. 5ஆம் எண் நூல் என்றால் அதன் முதல் 30 அடி ஏறத்தாழ 9 கிராம் இருக்கும். அந்த எடைக்கென்று செய்யப்பட்ட கோலிலும் அதே 5 என்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்விரு எண்களும் பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோலும் ஒழுங்காக வீசாது. (ஷேட் கோலை விற்றுவிட வேண்டாம், பருவம் வந்ததும் அவரே அதைத் தேடுவார்.)

குறைக்க வேண்டியது ரீலை. அணையில் பிடிபடும் நடுத்தர அளவு டிரவுட்டுக்கு ரீல் பெரும்பாலும் நூலைச் சுற்றிவைக்கும் இடம்தான். எளிய அலுமினிய ரீல் ஒன்றே போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல மிதக்கும் நூலில் போடுங்கள், ஏனெனில் கற்றுக்கொள்பவர் வீச்சில் உணரும் வேறுபாடு அதில்தான் இருக்கிறது. கோல் 9 அடியாகவும் நான்கு துண்டுகளாகப் பிரிவதாகவும் இருக்கட்டும். பிரித்துக் குழாயில் இட்டால் ஏறத்தாழ முக்கால் மீட்டர் நீளத்தில் அடங்கும் என்பதால், சைக்கிளின் மேல் தண்டோடு சேர்த்தோ பின் கேரியரிலோ கட்டிக்கொள்ளலாம். இரண்டு ஆசைகளுக்கும் ஒரே பயணம் போதும் என்பது இப்படித்தான் நடைமுறைக்கு வருகிறது.

சைக்கிளில் கார்பனைத் தவிர்க்கச் சொல்வேன். பல கார்பன் பிரேம்களில் கேரியரைத் திருகுவதற்கான துளைகளே இருப்பதில்லை. எடையில் சில நூறு கிராம் மிச்சப்படுத்திவிட்டு, தூண்டில் குழாயையும் மதிய உணவையும் முதுகில் சுமப்பதில் பொருளில்லை. அந்தப் பக்கத்துப் பண்ணைச் சாலைகள் சரளை நிறைந்தவை. முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள அலுமினிய மவுண்டன் பைக், அகன்ற டயருடன், அங்கே நன்றாகவே ஓடும். பின் சஸ்பென்ஷன் இருந்தால் அதன் பேரிங்குகளைப் பராமரிக்கும் செலவு ஆண்டுதோறும் கூடவே வரும். பிராண்டைவிட அளவே முக்கியம் என்பதால் கணவரைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். மேல் தண்டின் இருபுறமும் காலை ஊன்றி நிற்கும்போது இடையில் நான்கு விரல் இடைவெளியாவது வேண்டும். சீட்டில் அமர்ந்து பெடல் அடிமட்டத்தில் இருக்கையில் முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

இவ்விரண்டையும் சேர்த்துச் செய்ய நமது மாகாணத்தில் குளிர்காலமே உகந்தது. மழை கோடையில் பெய்வதால் ஜூன், ஜூலையில் சாலைகள் காய்ந்திருக்கும். குளிர்ந்த நீரில்தான் டிரவுட் சுறுசுறுப்பாக இரை தேடும். கொசு விரட்டிகளில் உள்ள டீட் என்னும் பொருள் ஃபிளை நூலின் பிளாஸ்டிக் பூச்சைக் கரைக்கும். சன்ஸ்கிரீனும் அதற்கு நல்லதல்ல. சைக்கிளில் வருவோர் இரண்டையும் தாராளமாகப் பூசிக்கொள்வார்கள் என்பதால், நூலைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். மாகாண மீன்பிடி உரிமமும், தனியார் அணையாக இருந்தால் உரிமையாளரின் அனுமதியும் தேவை.

கேள்வி: இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு சைக்கிள் கடையில் பழைய மவுண்டன் பைக் வாங்கினேன். மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் பல்லை விட்டுத் தாவுகிறது. ரசீதில் ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, அதாவது உள்ளது உள்ளபடி விற்றது, என்று எழுதியிருப்பதைக் காட்டி உரிமையாளர் கையை விரிக்கிறார். வேறு வழி உண்டா?
— வாசகர், டொங்காட்

பதில்: உண்டு. வணிகம் செய்பவர் விற்ற பொருளுக்கு, பழையதே ஆனாலும், தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாத உத்தரவாதம் தருகிறது. அதற்குள் குறை தெரிந்தால் பழுதுபார்ப்பு, மாற்றுப் பொருள், பணம் ஆகிய மூன்றில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பவர் நீங்கள், கடைக்காரர் அல்லர். பொதுப்படையாக ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று எழுதுவது அவ்வுரிமையைப் பறிக்காது. குறிப்பிட்ட குறையைத் தெளிவாகச் சொல்லி, நீங்கள் அதை ஏற்று வாங்கியிருந்தால் மட்டுமே நிலைமை வேறு.

ஆனால் செயின் தேயும் பொருள். உங்கள் ஓட்டத்தில் தேய்ந்ததற்குக் கடையைக் கேட்க முடியாது என்பதால், முதலில் ஓர் அங்குல ஸ்கேலை எடுத்து அளந்து பாருங்கள். செயின் இணைப்புகளைப் பூட்டும் ஒரு முளையின் நடுவில் தொடங்கினால் 24ஆம் இணைப்பின் முளை சரியாக 12 அங்குலத்தில் விழ வேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி விழுந்தால் செயின் முடிந்தது. எட்டில் ஒரு பங்கு தள்ளினால் பின் பற்சக்கரங்களும் சேர்ந்தே போய்விட்டன. எப்போதாவது ஓட்டுபவருக்கு இரண்டு மாதங்களில் அந்த அளவு தேயாது. ஆகவே விற்கும்போதே தேய்ந்திருந்தது என்று நீங்கள் வாதிடலாம். அளவைப் படம் எடுத்து, கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். பழுதுபார்த்த மூன்று மாதங்களுக்குள் அதே குறை திரும்பினால், பிறகு மாற்றுப் பொருளோ பணமோ தந்தாக வேண்டும். மறுத்தால் நுகர்பொருள் மற்றும் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

இதையே ஒரு தனிநபர் தம் வீட்டில் கிடந்த சைக்கிளாக விற்றிருந்தால் இச்சட்டம் பொருந்தாது. அவர் குறையை அறிந்தே மறைத்தார் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழுந்திருக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய 9 அடிக் கோல் இரண்டே துண்டுகளாக வந்தது, சைக்கிளில் கட்ட முடியவில்லை. விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது, நான்தான் கவனிக்கவில்லை. திருப்பித் தரலாமா?
— வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: கையில் கிடைத்த ஏழு நாட்களுக்குள் என்றால், காரணம் எதுவும் சொல்லாமலேயே திருப்பித் தரலாம், 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்புகள் மற்றும் பரிவர்த்தனைகள் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது; பணம் 30 நாட்களுக்குள் வந்துசேர வேண்டும். திருப்பி அனுப்பும்வரை கோலின் கார்க் பிடியின் மேல் சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைப் பிரிக்காமல் வையுங்கள்.