மிராபால் சகோதரிகள்: கேள்வி பதில்

கேள்வி: நவம்பர் 25 பெண்களுக்கு எதிரான வன்முறை ஒழிப்பு நாள். அதற்குக் காரணமான மூன்று சகோதரிகள் யார்?

பதில்: பாட்ரியா, மினெர்வா, மரியா தெரேசா மிராபால். டொமினிக்கன் குடியரசின் சால்செடோ வட்டாரத்தில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்கள். 1930 முதல் நாட்டைத் தன் பிடியில் வைத்திருந்த ரஃபாயேல் ட்ருஹியோவை எதிர்த்ததற்காக 1960 நவம்பர் 25 அன்று கொல்லப்பட்டார்கள். 1981-இல் பொகோட்டாவில் கூடிய லத்தீன் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் அந்நாளைத் தேர்ந்தெடுத்தார்கள், 1999-இல் ஐ.நா. பொதுச்சபை அதை ஏற்றது.

கேள்வி: சர்வாதிகாரியின் ஆசைக்கு மினெர்வா இணங்காததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே, ஐயா?

பதில்: 1949-இல் ட்ருஹியோ அளித்த விருந்தில் மினெர்வா அவரைப் புறக்கணித்ததும், அதன்பின் மினெர்வாவின் தந்தை சிறைப்பட்டதும் உண்மையே. ஆனால் அந்த ஓர் இரவையே முழுக் காரணமாகச் சொல்வது, பதினோரு ஆண்டு அரசியலை ஒரு கிழவனின் மனக்கசப்பாகச் சுருக்கிவிடுகிறது என்பது என் கருத்து. மினெர்வா சட்டம் படித்துப் பட்டம் பெற்றார். வழக்கறிஞர் உரிமம் மறுக்கப்பட்டது. 1959 ஜூன் 14 அன்று கியூபாவிலிருந்து வந்திறங்கிய டொமினிக்கன் போராளிகளை ராணுவம் ஒழித்துக்கட்டிய பிறகு, அந்தத் தேதியையே பெயராகக் கொண்ட தலைமறைவு இயக்கம் 1960 ஜனவரியில் உருவானது. அதன் தலைவர் மினெர்வாவின் கணவர் மனோலோ தவாரெஸ் ஹுஸ்தோ என்றாலும், அப்படியோர் அமைப்பு வேண்டுமென்று முதலில் வலியுறுத்தியவர்களில் மினெர்வாவும் ஒருவர். பக்தி மிகுந்தவரான பாட்ரியா தன் வீட்டையே இயக்கத்துக்குத் திறந்துவிட்டார். அவருடைய கணவரோடு பதின்வயது மகனும் சிறை சென்றான்.

கேள்வி: மினெர்வாவையும் மரியா தெரேசாவையும் சிறையில் அடைத்து, விடுவித்துவிட்டுப் பிறகு ஏன் கொன்றார்கள்?

பதில்: அயல்நாடுகளின் நெருக்கடியே விடுதலைக்குக் காரணம் என்று கருதலாம். வெனிசுவேலா அதிபர் ரோமுலோ பெத்தன்கூரைக் கொல்ல 1960 ஜூனில் ட்ருஹியோ சதி செய்ததால், அமெரிக்க நாடுகள் அமைப்பு ஆகஸ்டில் தடைகளை விதித்தது. மினெர்வாவும் மரியா தெரேசாவும் வெளிவந்தது அந்த மாதத்தில்தான். கணவர்களை மட்டும் விடவில்லை. பின்னர் அவ்விருவரின் கணவர்களை வடகடற்கரையிலுள்ள புவெர்த்தோ பிளாத்தா சிறைக்கு மாற்றினார்கள். பார்க்கப் போகிறவர்கள் மலைப்பாதையைக் கடந்தே ஆகவேண்டும் என்பதுதான் கணக்கு. பாட்ரியாவின் கணவர் அங்கே இல்லை. தங்கைகளுக்குத் துணையாகவே பாட்ரியா சென்றார். திரும்பும் வழியில் உளவுப்படையினர் அவர்களை மறித்து, ஓட்டுநர் ருஃபீனோ தெ லா குரூஸையும் சேர்த்து அடித்துக் கொன்று, உடல்களை ஜீப்பில் ஏற்றிப் பள்ளத்தில் தள்ளிவிட்டு, விபத்து என்று அறிவித்தார்கள். நாட்டில் பெரும்பாலோர் அதை நம்பவில்லை.

கேள்வி: நான்காவது சகோதரி ஒருவர் இருந்தாராமே?

பதில்: ஆம், தேதே. இயக்கத்தில் அவர் சேரவில்லை. தாயோடு சேர்ந்து சகோதரிகளின் ஆறு குழந்தைகளையும் வளர்த்தார், குடும்ப வீட்டை அருங்காட்சியகமாக்கினார், 2014-இல் காலமானார். கொல்லப்பட்ட மூவரை மட்டும் போற்றுகிறவர்கள் இவருடைய அரை நூற்றாண்டு உழைப்பை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: கொலையாளிகள் தண்டிக்கப்பட்டார்களா?

பதில்: 1961 மே 30 அன்று ட்ருஹியோ சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1962-இல் வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. ஆனால் 1965 உள்நாட்டுப் போரின் குழப்பத்தில் அவர்கள் சிறையிலிருந்து தப்பிவிட்டார்கள். மனோலோவோ அதற்கு முன்பே, 1963 டிசம்பரில், மலையில் ஆயுதமேந்திப் போராடிச் சரணடைந்த பிறகு ராணுவத்தால் கொல்லப்பட்டிருந்தார்.